இடது சுண்டுவிரல்

கையைப் பிடித்த பிறகுதான் சைத்தூன் பீவி முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். அதற்குள் பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். "போன தைக்கு ரெண்டு ஆறு அளவு போட்டே. இப்ப ரெண்டு நாலே லொடலொடங்குது. என்னா புள்ளே, சாப்புடுறியா இல்லியா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கையும் குவித்து, புறங்கை எலும்பை ஒரு பக்கமாக நெகிழ்த்தி வளையலை உருட்டுவார். வலிக்கப் போகிறது என்று கைக்காரி பல்லைக் கடிக்கும்போது வளையல் மணிக்கட்டில் இருக்கும்.

வீடு நாகூரில், தர்காவுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. மகள் ஹபீபுன்னிசாவும் அவரும்தான். வயது ரேஷன் கார்டுப்படி அறுபத்து மூன்று. "அத எழுதுனவனுக்குக் கண்ணுல பொறை" என்பது பீவியின் கட்சி. காலை முதல் பஸ்ஸில் ஏறிக் கீழ்வேளூர்ப் பக்கம் இறங்கிவிடுவார். மேலே வெள்ளைத் துப்பட்டி, இடுப்பில் ஒரு துண்டு சோப்பு, சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய், தோளில் வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கட்டிய மலாரம். வாய்க்கால் கரை வளைவில் ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும்.

அக்கிரகாரம், குடியானத் தெரு, வயலுக்கு நடுவே மேட்டில் இருக்கிற கூலிக்காரர் தெரு, மூன்றுக்கும் ஒரே மலாரம்தான். அக்கிரகாரத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தூக்கி ஊற்றுவார்கள். கூலிக்காரர் தெருவில், "எங்க பானையில மொண்டு குடிப்பீங்களா?" என்று கூச்சத்தோடு கேட்பார்கள். ஆனால் வளையல் போட்டுக்கொள்ள இரண்டு இடத்திலும் கையை அவர் மடியில்தான் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் பீவிதான் ராணி. அந்த ராணித்தனத்தில் அவருக்கு இருந்த மோகம் கொஞ்சநஞ்சமல்ல.

நாற்று நடுகிற கை என்றால் வலது கட்டைவிரல் நகம் சேற்றில் தேய்ந்து பாதிதான் மிச்சம் இருக்கும். இட்லிக்கடைக் கைக்கு ஆவி பட்டுப் பட்டு மணிக்கட்டில் ஒரு முடி இருக்காது. கருவாடு போடுகிற கை உப்பில் ஊறி வெளுத்து, ரேகைகள் மட்டும் கறுத்துக் கிடக்கும். "சின்ன வயசுல எல்லா கையும் ஒண்ணுதான் புள்ளே. நாப்பதுக்கு மேலதான் அவ அவ பட்ட பாடு கையில வந்து உக்காரும்" என்பார் பீவி.

உட்கார்ந்ததைப் பார்ப்பார், வெளியே சொல்ல மாட்டார். குமிளங்குடி அக்கிரகாரத்தில் மதுரம் மாமியின் மோதிர விரலில் மோதிரம் இல்லை, அதன் தடம் மட்டும் இருக்கிறது என்று பீவிக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அடுத்த வருஷம் தங்க வளையல் நான்கில் இரண்டு குறைந்ததும் தெரியும். நிலத்துக்கு உச்சவரம்பு வந்து, குத்தகை நெல் வருவதும் போவதுமாக இருந்த காலம். "மாமிக்கு இந்தத் தடவை கண்ணாடி வளையல் ரெண்டு டஜனாப் போடுறேன். நெறைவா இருக்கும்" என்று மட்டும் சொல்லிப் போட்டுவிட்டு வந்தார். மதுரம் மாமி அன்று தண்ணீருக்குப் பதில் காப்பி கொடுத்தாள்.

தன் கையைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை. விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்காக வீங்கியிருக்கும். பனிக்காலத்தில் விடியற்காலை அந்தக் கையால் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது. முழங்கையை மடித்துக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தொங்குவார். ராத்திரியில் ஹபீபுன்னிசா எண்ணெய் காய்ச்சித் தேய்க்கும்போது, "போதும் உம்மா, நிறுத்திடுங்களேன்" என்றால், "எத, தேய்க்கிறதயா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார்.

வளையல்காரிக்கு ஒரு சட்டம் உண்டு. போடும்போது உடைந்த வளையல் அவளைச் சேர்ந்தது. அதற்குக் காசு கேட்கக் கூடாது. வளையல் உடைந்த கையை வெறுங்கையாக விடவும் கூடாது. அங்கேயே அப்போதே வேறொன்று போட்டாக வேண்டும். போடும்போது உடைவது அந்தக் கைக்கு ஆகாது என்பது பெண்களின் பயம். ஒருத்தி கையில் உடைந்தால் அடுத்தவள் கையை இழுத்துக்கொள்வாள். நாற்பது வருஷத்தில் பீவிக்கு அந்தச் சட்டம் தேவைப்படவே இல்லை. "எங் கையால போட்டு ஒடைஞ்ச வளையல் கெடையாது. தர்கா வாசல்ல நின்னு சொல்லுவேன்" என்று அவர் தம்பட்டம் அடிக்காத ஊர் இல்லை.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஊர் ஊராகப் பெண்கள் கையை நீட்டும்போதே, "பாத்துப் போடுங்க பீவிம்மா, ஒடைச்சிடாதீங்க" என்கிறார்கள். பீவியும், "வயசாச்சுல்ல புள்ளே, பாத்துதான் போடணும்" என்று ஒத்துக்கொள்கிறார். பீவி கையில் வளையல் உடைந்த சேதியைக் கூடையோடு கூடையாக ஊர்களுக்குக் கொண்டுபோனவர்கள் மீன்காரிகள். ஆனால் அவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள்.

அது எழுபத்தொன்றாம் வருஷம், தை அறுவடை. ஆனால் வினை அதற்கு இரண்டு மாதம் முன்பே, கார்த்திகையில், மதுரம் மாமி வீட்டுக் கூடத்தில் பிறந்தது. மாமியின் பெண் சரசாவுக்கு வளைகாப்பு. கூடம் நிறைந்த சிரிப்பு. சரசாதான் வம்பை ஆரம்பித்தாள். "பீவி, கண்ணைக் கட்டிவிட்டா யார் கைன்னு சொல்லுவேளா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷமாகக் காப்பாற்றிய வாய் அன்றைக்குக் கட்டவிழ்ந்துகொண்டது. துண்டால் கண்ணைக் கட்டினார்கள். முதல் கை வந்தது. "இது பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. சாக்குக்கட்டி புடிச்ச வெரல் பொரிஞ்சு கெடக்கு." சரி. அடுத்தது. "இது பால்கறக்கிற கை." சரி. மூன்றாவதைத் தொட்டதும், மோதிரத் தடம். "இது யாருன்னு எனக்குத் தெரியல" என்றார் பீவி. "தோத்தேள்!" என்று பெண்கள் கைகொட்டினார்கள். மதுரம் மாமி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தோற்றது உறைத்தது. அந்த நேரம் பார்த்து, நிலையில் சாய்ந்து நின்ற மாமி வீட்டுக் காரியஸ்தர் சாமா கேட்டார்: "நம்ம வயல்ல அறுக்கறாளே, அவா கையைக் கண்டுபிடிப்பியா?"

"அதுக்குக் கையே வேணாங்க" என்றார் பீவி, கட்டை அவிழ்க்காமலே. "எடது சுண்டுவெரல் ஒண்ணு போதும். தாளை எடது கையால கொத்தாப் புடிச்சு அறுக்கிறப்ப பல்லு வச்ச கருக்கருவா மொதல்ல கடிக்கிறது அதத்தான். பத்து அறுவடை பாத்தவன்னா அந்த வெரல்ல குறுக்கால ரெண்டு கோடாவது இருக்கும். சேலையை மாத்தலாம், பேரை மாத்தலாம். அத மாத்த முடியாதுங்க."

கூடமே ஆகா என்றது. சாமா வெற்றிலையை மடித்தார்.

தையில் குமிளங்குடி வயல்கள் முற்றித் தலைசாய்ந்து கிடந்தன. சுவரெல்லாம் தேர்தல் எழுத்து. உழுகிறவனுக்கு நிலம் என்று ஒரு சுவர், கூலிக்கு நியாயம் என்று இன்னொரு சுவர். களத்தில் கூலிக்காரர்கள் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். சாமா வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். உள்ளூர்ப் பெண்கள் அரிவாளோடு வரப்பில் வரிசையாக நின்றுகொண்டார்கள். தள்ளுமுள்ளில் களத்துக் காவல்காரர் ஒருவரின் தோளில் அரிவாள் பட்டது. யார் அரிவாள் என்று பட்டவருக்கே தெரியவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் யாரோ, "விடாத பக்கிரியம்மா!" என்று கத்தியது சாமாவின் காதில் விழுந்தது. வழக்கில் முதல் பெயராக அது ஏறியது.

பக்கிரியம்மாள் அன்றே ஊரை விட்டுப் போய்விட்டாள். கடற்கரைப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்ததாகப் போலீசுக்குத் தகவல். நாகூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து எல்லையம்மாள் என்கிற மீன்காரி அறுவடைதோறும் குமிளங்குடிக் களத்துக்குக் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிப் போகிறவள். அவளிடம்தான் ஒளிந்திருப்பாள் என்று சந்தேகம். இன்ஸ்பெக்டர் சாமாவை மறைவாகக் கூட்டிக்கொண்டு போய் ஏலக் கொட்டகையைக் காட்டினார். அங்கே நாற்பது பெண்கள் இருந்தார்கள். சாமாவுக்கு ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை.

"ஏன்யா, பதினெட்டு வருஷமா கூலி அளந்திருக்கே. மூஞ்சி தெரியாதா?"

"குனிஞ்ச தலையத்தான் சார் பாத்திருக்கேன்" என்றார் சாமா. பொய் சொல்லவில்லை.

ஊர்த் தலையாரியைக் கேட்டார்கள். அவர் தனக்கு மாலைக்கண் என்று சொல்லிவிட்டார். அப்போது மணி காலை பத்து. கூலிக்காரர் தெருவில் ஒரு குழந்தை கூட வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகு சாமாவுக்கு வளைகாப்பு ஞாபகம் வந்தது.

ஜீப் தர்காவுக்குப் பின்னால் மூன்றாவது சந்து வாசலில் வந்து நின்றபோது தெரு முழுக்கக் கதவிடுக்கில் கண். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "பயப்படாதம்மா. நீ எப்பவும் போல வளையல் போடப் போறே. மலாரத்தத் தூக்கிட்டு எங்க ஏட்டு ஒருத்தர் கூட வருவாரு, காக்கி இல்லாம. நீ போடு, அவரு வெரலப் பாத்துக்குவாரு. நாங்க உள்ள பூந்தா குப்பத்து ஆளுங்க கொம்பெடுத்துருவானுங்க. இதுன்னா சத்தமில்லாம முடியும்."

"எனக்கு இந்த வேலை வேணாங்கய்யா."

"வெரல் சங்கதியச் சொன்னதே நீதானே?" என்றார் இன்ஸ்பெக்டர். "கந்தூரித் திருவிழாவுக்குத் தர்கா தெருவுல கடை போடணும்ல? போடவேணாமா?"

ஹபீபுன்னிசா அடுப்படியிலிருந்து உம்மாவைப் பார்த்தாள். பீவி துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போகும் வழியெல்லாம் தன் வாயை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போலீசின் மேல் கூட அவ்வளவு இல்லை.

பக்கிரியம்மாளை அவருக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு அவள் கையில் வளையல் அடுக்கியதே அவர்தான். கூலிக்காரர் தெருவில் பானையைக் கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டுகிறவள். போன வருஷம் மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கை இளைத்து ரெண்டு ஆறிலிருந்து ரெண்டு நாலுக்கு இறங்கியிருந்தாள். இடது சுண்டுவிரலில் மூன்று கோடு; ஒன்று ஆழம். அந்த வெட்டில் விரலே கொஞ்சம் உள்ளே வளைந்துவிட்டது.

ஏலம் முடிந்த நேரம். கொட்டகை நிழலில் பெண்கள் கூடைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். வளையல் சத்தம் கேட்டதும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஏட்டு நீலமேகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலாரத்தோடு பீவியின் பக்கத்திலேயே குந்தினார். யாரென்று கேட்டதற்கு, "எங்க தூரத்துச் சொந்தம்" என்றார் பீவி. எதிரே டீக்கடை பெஞ்சில் சட்டை மாற்றிய இன்ஸ்பெக்டர் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்.

முதல் நான்கைந்து கைகள் வந்து போயின. மீன்வெட்டும் கைகள். அரிவாள்மனையில் வெட்டுப்பட்ட பெருவிரல்கள், ஆள்காட்டி விரல்கள். சுண்டுவிரல் எல்லாம் சுத்தம். ஆறாவதாக வந்த பெண்ணின் சுண்டுவிரலில் ஒரு கறுத்த வடு. நீலமேகத்தின் முழங்கால் பீவியின் விலாவை இடித்தது. ஏட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றியேவிட்டார்.

"இது கெளுத்தி முள்ளு" என்று பீவி அவசரமாகச் சொன்னார். "முள்ளு குத்துனா குழி விழும். கருக்கு கிழிச்சாத்தான் கோடு விழும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நீலமேகம் மெல்லத் தலையாட்டினார். இப்போது அவருக்கும் குழி எது, கோடு எது என்று தெரியும். பீவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் அவர் நிதானமாகப் போட ஆரம்பித்தார். ஒரு கைக்கு ஒரு யுகம். சோப்பு, எண்ணெய், கலர் பொருத்தம், வேண்டாத ஊர்க்கதை. பக்கிரியம்மாள் அங்கே இருந்தால் எழுந்து போய்விடுவாள் என்று நம்பினார். யாரும் போகவில்லை. போனால் சந்தேகம் வரும் என்று பயந்திருப்பாள் போல. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்த வரிசையில், எல்லையம்மாளுக்கு முன்னால் இருந்தவள் இடது கையை நீட்டினாள்.

பீவி கையைப் பிடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கருவாட்டு உப்பில் ஊறிய கை. வெளுத்து, உப்பி, மீன் வாடை அடித்தது. எல்லையம்மாள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருந்தாள். ஆனால் உப்பில் தோல் வெளுக்க வெளுக்கத் தழும்புகள் கறுத்துத் தெளிந்திருந்தன. அவள் மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. இடது சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அதை மடக்கி வைத்துத் தப்பிக்கலாம் என்று அவள் நினைத்திருக்கலாம். வளையல் ஏற வேண்டுமானால் விரலை நீட்டித்தான் ஆக வேண்டும்.

நீலமேகம் கழுத்தை நீட்டினார்.

பீவி எண்ணெய்க் குப்பியைத் தேடுவது போல மடியைத் துழாவினார். நேரம் போதவில்லை. அந்தக் கை அவர் கைக்குள் ஜில்லென்று இருந்தது. துடிக்கவில்லை, இழுத்துக்கொள்ளவில்லை. நம்பிக் கொடுத்துவிட்ட கை. கல்யாணத்தன்று கொடுத்த மாதிரியே கொடுத்திருந்தாள்.

மலாரத்திலிருந்து அவர் எடுத்தது ரெண்டு ரெண்டு. ஒரு சின்னப் பெண்ணின் அளவு. விரல்களைக் குவித்தார். வளையலைக் கணுவரைக்கும் கொண்டுவந்தார். அங்கே நாற்பது வருஷமாக அவர் செய்கிற அந்த நெகிழ்த்தலைச் செய்யவில்லை. பெருவிரலை வளையலின் மேல் வைத்து, இஞ்சிக் கணுக்கள் எல்லாம் சுரீரென்று வலிக்க, ஒரே அழுத்தாக அழுத்தினார்.

டப்பென்று உடைந்தது. உடைந்த முனையை விடாமல் சுண்டுவிரலின் குறுக்காக, பழைய கோடுகளின் மேலேயே, இழுத்துவிட்டார்.

"ஐயோ!" என்றது கொட்டகை. ரத்தம் குபுகுபுவென்று வழிந்து மூன்று கோட்டையும் மூடியது. "யா அல்லா! எங் கையி... எங் கையில ஒடைஞ்சிடுச்சே!" என்று பீவி போட்ட கூச்சலில் டீக்கடையில் கிளாஸ் கழுவியவர் நிமிர்ந்து பார்த்தார். துப்பட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, விரலை நகக்கண்ணிலிருந்து அடிவரைக்கும் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அந்தக் கூச்சலில் பாதி வேஷம். பாதி நிஜமாகவே வயிற்றிலிருந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் வேகமாக வந்தார். "என்ன?"

"கெழவி ஒடைச்சிட்டா சார்" என்று நீலமேகம் உளறினார். சார் என்றதில் கொட்டகைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அந்தக் கட்ட அவுரு. பாக்கணும்."

"உள்ள கண்ணாடி குத்திட்டு நிக்குதுங்கய்யா" என்றார் பீவி. "இழுத்தா நரம்பு போயிரும். ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்."

எல்லையம்மாள் கூடையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு எழுந்தாள். "எந் தங்கச்சி மவ கையக் கிழிச்சதும் இல்லாம அவுத்து வேற பாக்கணுமா? யாருய்யா நீ? யாரு அனுப்பிச்சு பொம்பளைங்க கையப் புடிச்சுப் பாக்க வந்திய?" அவள் குரல் கடல் வரைக்கும் கேட்கிற குரல். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். ஆனாலும் உடனே போகவில்லை. பீவியைப் பார்த்தார். "நாப்பது வருஷமா ஒடைச்சதே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தியாமே. இன்னிக்குத்தான் ஒடையணுமா?"

"வயசாச்சுங்கய்யா. கை நிக்கல."

"அப்படியா? பாப்போம்." டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் டீயை விளிம்புவரை ஊற்றி வாங்கிவரச் சொன்னார். ஆவி பறந்தது. "புடி."

பீவி வாங்கினார். டீ தளும்பியது, வழிந்தது, விரல்களில் கொட்டியது. அவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கை ஆடிக்கொண்டே இருந்தது. முதலில் அவர்தான் ஆட்டினார். பிறகு பயத்தில் ஆடியது. பிறகு சூட்டில், கணுவலியில், எதில் ஆடுகிறது என்று அவருக்கே தெரியாமல் ஆடியது. நாற்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று ராத்திரியில் மட்டும் மகளிடம் நீட்டிய கை அது.

பாதி டீ மண்ணுக்குப் போன பிறகு இன்ஸ்பெக்டர் கிளாஸை வாங்கிக்கொண்டார். "ஒனக்குக் கை போயிடுச்சு கெழவி. வீட்ல போய் உக்காரு" என்றார். துடுப்புக்காரர் இருபது அடி தூரத்தில் இருந்தார். இன்ஸ்பெக்டர் நீலமேகத்தைத் தலையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சவுக்குத் தோப்பை நோக்கி நடந்தார்கள். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது ரோட்டில் ஏறித் தேய்ந்து மறைந்தது.

பீவி மணலில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வரிசையில் அடுத்து இருந்த பெண்கள் தங்களை அறியாமலே கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்தார்.

"மன்னிச்சுக்க புள்ளே" என்றார், இன்னும் முகத்தைப் பார்க்காமல். "என் வாயாலதான் வந்தாங்க."

"அருவா வெட்டாததா பீவிம்மா" என்றாள் பக்கிரியம்மாள். "போயி அந்தக் கைய தண்ணியில வைங்க. செவந்து கெடக்கு."

பீவி போகவில்லை. மலாரத்தை மடியில் இழுத்துப் போட்டு, பச்சையில் ரெண்டு நாலு ஒன்றைத் தேடி எடுத்தார். கொப்புளம் கட்டத் தொடங்கிய விரல்களில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டார். "கொண்டா. வெறுங்கையா உடக் கூடாது" என்றார். ரத்தம் ஊறிய கட்டோடு அந்தக் கை மறுபடியும் அவர் மடிக்கு வந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கினார். கட்டுப்போட்ட விரலை மற்றவற்றுக்கு அடியில் ஒதுக்கினார். புறங்கை எலும்பு ஒரு பக்கமாக நெகிழ்ந்தது. வளையல் துணியில் உரசாமல், ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி மணிக்கட்டில் நின்றது.